லைலா: பெயரும் பெண்ணும்

1

பெயருக்குப் பொருள் சொல்லிவிட்டால் கவிதைக்குப் பொருள் சொல்லியாகிவிட்டது என்ற எண்ணம் நம் பண்டிதர்களிடமும், பண்டிதர்களைக் கேலி செய்யும் புதுக்கவிதைக்காரர்களிடமும் ஒருசேர இருந்து வருகிறது. பண்டிதர் பெயரைப் பகுதி, விகுதி என்று பிரித்துப் போடுகிறார். புதுக்கவிதைக்காரர் அதே பகுதியை எடுத்துப் படிமம் என்கிறார். இருவருக்கும் நடுவில் கவிதை படிக்கப்படாமலே கிடக்கிறது.

லைலா என்ற அரபுப் பெயர் இதற்கு நல்ல சோதனைக்களம். லைலா என்றால் இரவு. ஆகவே லைலாவைப் பாடுகிறவன் இருளைப் பாடுகிறான். ஆகவே அவன் பித்து இருளில் கரைந்துபோகிற பித்து. இப்படி மூன்று ‘ஆகவே’க்களில் ஒரு கட்டுரையை முடித்துவிடலாம். கேட்கவும் நன்றாக இருக்கும். ஆனால் அரபு மொழி இதற்கு இடம் தருகிறதா, அரபுக் கவிதை இதற்கு இடம் தருகிறதா என்பவை வேறு கேள்விகள். அவற்றைக் கேட்டுக்கொண்டே போனால் வந்து சேரும் இடம் அகராதி அல்ல. பாடப்பட்ட பெண் என்ன ஆனாள் என்ற கேள்வியில்தான் வந்து நிற்போம். நம் கவிதையிலும் அந்தக் கேள்வி பாக்கி இருக்கிறது.

2

முதலில் அகராதி. அரபியில் லைல் என்றால் பகலுக்கு எதிரான இரவு, பொதுவாக. அதிலிருந்து ஒரே ஒரு இரவைச் சுட்ட லைலத். லைலத்துல் கத்ர் என்று தமிழ் முஸ்லிம்கள் சொல்லும்போது வருவது இந்தச் சொல். ஆயிரத்தொரு இரவுகளின் அரபுத் தலைப்பான அல்ஃப் லைலா வ லைலாவில் இரண்டு முறை ஒலிப்பதும் இதுதான். அங்கே ஈற்றுத் தகரம் பேச்சில் விழுந்துவிடுகிறது. பெண்ணின் பெயர் இது அல்ல. பெயரில் ஈறு நெடில். அரபு எழுத்தில் அந்த நெடிலை யா என்ற எழுத்தின் வடிவில், புள்ளியில்லாமல் எழுதுகிறார்கள். காதுக்கு அரை மாத்திரை வித்தியாசம் போலப் படும். இலக்கணத்தில் அவை இரண்டு தனிச் சொற்கள்.

13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இப்னு மன்ஸூர் தொகுத்த லிஸானுல் அரப் என்ற பேரகராதி சொல்வது இது: லைலா என்பது இரவுகளில் நீண்டது, கடியது, மாதத்தின் மிகக் கறுத்த இரவு, பெண்ணுக்குப் பெயர் அதிலிருந்து வந்தது. அரபியில் ஒரு சொல்லை அதே வேரின் அடைமொழியால் இறுக்கிச் சொல்வது உண்டு. இரவிலும் இரவான இரவு என்று சொல்ல லைலத் லைலா என்பார்கள். கறுத்தவள், சிவந்தவள் என்று நிறத்தைப் பெண்பாலில் சொல்லப் பயன்படும் சொல்வடிவம்தான் இந்த அடைமொழியிலும் இருக்கிறது. ஆக, பெயர் ‘இரவு’ என்ற பெயர்ச்சொல்லிலிருந்து நேராக வரவில்லை. இரவின் மிகுதியைச் சொல்லும் பண்புச்சொல்லிலிருந்து வருகிறது. இரவு என்று ஒரு பெண்ணுக்குப் பெயரிடுவது வேறு. ‘இரவு முற்றியவள்’ என்று பெயரிடுவது வேறு.

அதே அகராதி இன்னொரு பொருளும் தருகிறது. மது ஏறத் தொடங்குகிற அந்த முதல் கிறக்கத்துக்கும் லைலா என்று பெயர். கறுத்த மதுவுக்கு உம்மு லைலா, லைலாவின் தாய். இதைக் கண்டதும் பித்து, போதை, பிரக்ஞை இழப்பு என்று எழுத நம் கை துறுதுறுக்கும். கொஞ்சம் நிதானிப்பது நல்லது. ஒரு சொல்லுக்கு அகராதியில் இரண்டு பொருள் இருப்பதாலேயே கவிதையில் இரண்டும் உயிரோடு இருப்பதாக ஆகிவிடாது.

இந்த வேர் செமிட்டிய மொழிகள் பலவற்றில் ஓடுகிறது. ஹீப்ருவில் லைலா என்றாலே இரவு. கேட்பதற்குப் பெண்பால் போல இருந்தும் அங்கே இலக்கணப்படி ஆண்பால். சிரியாக்கில் லெல்யா. எத்தியோப்பியாவின் பழைய கீஸ் மொழியில் லெலித். ஒலி ஒற்றுமையில் மயங்கியவர்கள் லிலித் என்ற பெண்பேயையும் இந்தக் குடும்பத்தில் சேர்த்து, ‘இரவின் பெண்’ என்று ஒரு தொல்படிமத்தையே கட்டிவிட்டார்கள். ஆனால் லிலித், அக்காதிய மொழியின் லிலீத்துவிலிருந்து வந்தது; அதற்குப் பின்னால் இருப்பது காற்றைக் குறிக்கும் லில் என்ற சுமேரியச் சொல் என்றே அறிஞர்களில் பெரும்பாலோர் கருதுகிறார்கள். காற்றை இரவாக்கியது பின்னால் வந்த காது. சொல்லாராய்ச்சி இப்படித்தான் பலமுறை கனவாக முடிகிறது.

3

இனி கவிதை. இஸ்லாத்துக்கு முற்பட்ட அரபு கஸீதாவின் தொடக்கப் பகுதிக்கு நஸீப் என்று பெயர். ஒட்டகத்தில் வருகிறவன், கூடாரங்கள் பெயர்க்கப்பட்டுவிட்ட ஒரு பழைய தங்குமிடத்தில் நிற்கிறான். அடுப்புக் கல், சாம்பல், மழைநீர் போக வெட்டிய வாய்க்காலின் தடம். அங்கே இருந்தவளின் பெயரைச் சொல்கிறான். அதன்பிறகு பயணம், ஒட்டகம், குலப்பெருமை, புகழ்ச்சி என்று கவிதை தன் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறது. இம்ரவுல் கைஸுக்கு உனைஸா, தரஃபாவுக்கு கவ்லா, லபீதுக்கு நவார், அன்தராவுக்கு அப்லா. கஅப் இப்னு ஸுஹைர் நபிகள் நாயகத்தின் முன்னால் நின்று பாடி, அவருடைய மேலாடையைப் பரிசாகப் பெற்றதாகச் சொல்லப்படும் கவிதைகூட ஸுஆத் என்ற பெண் பிரிந்துபோனதில்தான் தொடங்குகிறது.

இந்தப் பெயர்களில் சில உண்மையான பெண்களுடையவை. பல அப்படி இல்லை. லைலா, ஸல்மா, லுப்னா என்ற மூன்றும் மாறி மாறி வந்துகொண்டே இருப்பதைப் பார்த்தால் சந்தேகம் வரும். மூன்றுக்கும் ஒரே எடை. நம் வாய்ப்பாட்டில் சொன்னால் மூன்றும் நேர் நேர், மூன்றும் தேமா. ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போட்டால் அடி உடையாது. அதோடு இந்தப் பெயர்கள் நெடில் ஈற்றில் முடிவதால் வேற்றுமைக்கு ஏற்ப ஈறு மாறுவதில்லை. எழுவாயாக இருந்தாலும், செயப்படுபொருளாக இருந்தாலும், ‘உடைய’ என்ற உறவில் நின்றாலும் லைலா லைலாதான். வாக்கியத்தில் அவளுக்கு எது நேர்ந்தாலும் பெயரில் தழும்பு விழுவதில்லை. யாப்புக்கு இதைவிட வசதியான பெயர் கிடைக்காது.

ஆகவே நஸீபில் லைலா என்ற பெயர் இரவு என்று பொருள்படவில்லை. அது விளிக்கிறது, அடியை நிறைக்கிறது, இங்கே ஒருத்தி இருந்தாள், இப்போது இல்லை என்பதற்கு அடையாளமாக நிற்கிறது. பொருள் வற்றிய பிறகுதான் ஒரு சொல் பெயராகிறது. வற்றிய பொருளை மீண்டும் ஊறவைப்பது அகராதியால் ஆகாது. ஒரு கவிஞன் அதைச் செய்யவேண்டும். 1188இல் கஞ்ஜா நகரத்து நிஜாமி பாரசீகத்தில் லைலா மஜ்னூன் காவியத்தை எழுதும்போது அதைச் செய்தார். பெயர் அங்கே லைலீ என்று உருமாறியிருக்கிறது. பாரசீக வாசகனுக்கு லைல் அந்நியச் சொல். அந்நியமாக இருந்ததாலேயே அதன் பொருள் கண்ணில் பட்டது. நிஜாமி அவள் கூந்தலையும் பெயரையும் இரவில் இணைக்கிறார். அரபுப் பாலைவனத்துக் கவிஞனுக்குத் தோன்றாத சிலேடை கஞ்ஜாவின் கவிஞனுக்குத் தோன்றுகிறது. ‘லைலா என்றால் இரவு’ என்று நாம் சொல்வது அரபு மூலத்தின் குரல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது நிஜாமியின் காரியம். அவருக்குப் பின் வந்த அமீர் குஸ்ரு, ஜாமி, ஃபுஸூலி ஆகியோரின் காரியம்.

4

கைஸ் இப்னுல் முலவ்வஹ், பனூ ஆமிர் குலத்தவன், நஜ்த் பிரதேசத்தவன், உமையாக்களின் காலம். மஜ்னூன் என்று பெயர் பெற்றவன். லைலா அதே குலத்துப் பெண். இருவரும் சிறுவயதில் ஆடு மேய்த்த இடத்தில் பழகியதாக அரபுக் குறிப்புகள் சொல்லும். பள்ளிக்கூடம் நிஜாமியின் சேர்க்கை. பெண் கேட்டான். தகப்பன் மறுத்தான். ஏன் மறுத்தான் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. குலப்பகையோ, வறுமையோ காரணம் அல்ல. கைஸ் அவள் பெயரைக் கவிதையில் சொல்லிவிட்டான். ஒரு பெண்ணைப் பெயர் சொல்லிக் காதல் கவிதை பாடுவதற்கு அரபியில் தஷ்பீப் என்று தனிச்சொல்லே உண்டு. பாடியவனுக்குப் பெண் கொடுத்தால் ஊர் பேசியது உண்மை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். எனவே பாடியவனைத் தவிர யாருக்கு வேண்டுமானாலும் கொடுப்பார்கள். லைலாவை வேறொருவனுக்குக் கொடுத்தார்கள்.

அதாவது கவிதை இங்கே காதலின் வெளிப்பாடு மட்டும் அல்ல, காதல் முறிந்ததற்குக் காரணமும் அதுதான். பெயரைச் சொன்ன கணத்தில் அவன் கவிஞனானான், அவளை இழந்தான். இழந்த பிறகு அவனிடம் மிஞ்சியது பெயர் ஒன்றுதான். ஆகவே அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். உலகக் காதல் கதைகளில் கவிதையையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் கதை இது. இதை விட்டுவிட்டுப் பாலைவனத்தையும் விலங்குகளையும் விலங்குச் சங்கிலியையும் மட்டும் எடுத்துக்கொண்ட சினிமாக்காரர்கள் (1950இல் தமிழிலும் ஒரு லைலா மஜ்னு வந்தது) கதையின் முள்ளைப் பிடுங்கிவிட்டார்கள்.

அந்த மஜ்னூன் இருந்தானா? 10ஆம் நூற்றாண்டில் கிதாபுல் அகானி என்ற பாடல் களஞ்சியத்தைத் தொகுத்த அபுல் ஃபரஜ் அல்-இஸ்ஃபஹானி, மஜ்னூன் கதைகளை விரிவாகச் சேர்க்கும்போதே சந்தேகக்காரர்களின் பேச்சையும் சேர்த்துவைத்திருக்கிறார். உமையா வம்சத்து இளைஞன் ஒருவன் தன் உறவுக்காரப் பெண்ணை நேசித்தான், வெளியே தெரியக்கூடாது என்று தன் கவிதைகளுக்கு மஜ்னூன் என்ற பெயரைப் போட்டான் என்பது அதில் ஒன்று. 1920களில் எகிப்தின் தாஹா ஹுசைன் இந்தச் சந்தேகத்தை நவீன விமர்சனமாக வளர்த்தார். ஆனால் எல்லாவற்றையும்விடக் கூர்மையான வார்த்தை 9ஆம் நூற்றாண்டின் ஜாஹிஸுடையது என்று மரபு தருவது. இயற்றியவன் தெரியாத கவிதை ஒன்றில் லைலா என்று பெயர் வந்தால் அதை மஜ்னூன் தலையில் கட்டினார்கள். லுப்னா என்று வந்தால் கைஸ் இப்னு தரீஹ் தலையில் கட்டினார்கள். அவர் சொன்னதன் சாரம் இதுதான்.

இந்த ஒரு குறிப்புக்காக ஜாஹிஸை நம் காலத்து விமர்சகர் என்று சொல்லத் தோன்றுகிறது. கவிஞன் காதலியைப் படைக்கிறான் என்று நாம் நினைக்கிறோம். இங்கே காதலியின் பெயர் கவிஞனைப் படைத்திருக்கிறது. சிதறிக்கிடந்த அனாமதேயப் பாடல்களை லைலா என்ற பெயர் காந்தம் போல இழுத்துச் சேர்த்து, அவற்றுக்கு ஒரு ஆசிரியனையும், ஆசிரியனுக்கு ஒரு வாழ்க்கையையும், வாழ்க்கைக்கு ஒரு பித்தையும் கொடுத்தது. வங்கிப் பேரேட்டில் ஒரே பெயரில் இரண்டு கணக்கு இருந்தால் தகப்பன் பெயரைப் பார்த்துப் பிரிப்போம். இலக்கியப் பேரேட்டில் நடந்தது இதற்கு நேர்மாறு: ஒரே பெயர் என்பதற்காகப் பல கணக்குகளை ஒன்றாக்கினார்கள். வரவெல்லாம் மஜ்னூனுக்கு. லைலாவின் பக்கத்தில் ஒன்றும் எழுதப்படவில்லை.

5

அடுத்து நடந்தது இன்னும் விபரீதம். சூஃபிகள் பெயரை எடுத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு லைலா என்றால் பரம்பொருள், திரைக்குப் பின்னால் இருப்பது. அவர்கள் சொல்லும் கதை ஒன்றில் லைலாவே நேரில் வந்து நிற்கிறாள். மஜ்னூன் அவளைப் போகச் சொல்லிவிடுகிறான், உன்மேல் உள்ள காதலில் ஆழ்ந்திருக்கிறேன், உனக்கு நேரமில்லை என்று. இதை உச்சம் என்று கொண்டாடுவார்கள். ஆன்மிகத் தளத்தில் அது உச்சமாகவே இருக்கலாம். கதைத் தளத்தில் இதைப்போல ஒரு குரூரம் இல்லை. நடந்து வந்தவள் திரும்பிப் போகவேண்டியிருக்கிறது. பெயருக்கு இனிப் பெண் தேவையில்லை.

இப்னு அரபி 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தர்ஜுமானுல் அஷ்வாக் எழுதியபோது இந்தச் சிக்கல் வெளிப்படையாகவே வந்தது. மக்காவில் அவர் சந்தித்த நிஜாம் என்ற அறிவுமிக்க பெண்ணை முன்னிட்டு எழுந்த கவிதைகள். இதில் எந்தப் பெயரைச் சொன்னாலும் அவளையே சொல்கிறேன் என்று முன்னுரையில் குறித்தார். சட்ட அறிஞர்கள் முகம் சுளித்தார்கள். உடனே அவரே உரை எழுதி, ஒவ்வொரு வர்ணனைக்கும் ஞானப்பொருள் சொன்னார். உரை ஆழமானது என்பதில் ஐயமில்லை. ஆனால் கவிதையில் இருந்த பெண் உரையில் இல்லை.

தமிழில் இதன் தடத்தைத் தேடினால் ஒரு வேடிக்கை. லகரம் தமிழில் மொழிமுதல் ஆகாது; இலக்கணம் பார்த்தால் அவள் இலைலா என்று இகரத்தைத் துணைக்கு அழைத்துக்கொண்டுதான் உள்ளே வரவேண்டும். ஆனால் சூஃபி ஞானத்தைத் தமிழில் பாடிய குணங்குடி மஸ்தான் சாகிபு அவளை அழைக்கவே இல்லை. மனோன்மணிக் கண்ணியில் கண்ணிக்குக் கண்ணி விளிக்கப்படுபவள் மனோன்மணி. சைவத்திலும் சித்தர் பாடல்களிலும் சக்திக்கு உரிய பெயர். அரபியில் லைலா நிற்கும் இடம் தமிழில் ஏற்கனவே நிரம்பியிருந்தது, அவ்வளவுதான். இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. அந்த இடத்துக்குத் தேவை இருளோ இரவோ அல்ல. அழைத்தால் பதில் சொல்லாத ஒரு பெயர்தான் தேவை. லைலா இருந்தாலும் சரி, மனோன்மணி இருந்தாலும் சரி.

நம் அகமரபு வேறு வழி போயிற்று. அகத்திணையில் தலைவனையோ தலைவியையோ பெயர் சுட்டக்கூடாது என்பது தொல்காப்பிய விதி. நெடுநல்வாடையில் பெயர்கூட இல்லை; வேலில் கட்டிய வேம்பு பாண்டியனைக் காட்டிவிடுகிறது என்பதற்காகவே உரைகாரர் அதைப் புறமென்றார். கைஸ் நம்மூரில் பிறந்து இந்த விதிக்கு அடங்கியிருந்தால் லைலாவை மணந்திருப்பான். உலகத்துக்கு ஒரு கவிஞன் குறைந்திருப்பான். இதை வைத்து நம் மரபு பெண்ணை மதித்தது என்று முழங்குவதற்கு ஒன்றுமில்லை. அரபு மரபு ஒருத்தியின் பெயரைப் பறித்துக்கொண்டது. நம் மரபு எல்லோருக்கும் பெயர் இல்லாமல் செய்தது. பெயர் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அவள் காணாமல் போக வழி இருக்கிறது. ஆனால் ஒன்று: அகத்தில் தலைவி பேசுகிறாள். பெயர் இல்லாதவள் தன் குரலில் தன் நிலையைச் சொல்கிறாள். லைலாவுக்குப் பெயர் இருந்தது, குரல் இருந்ததா?

6

இருந்தது. வேறு லைலாக்களிடம்.

6ஆம் நூற்றாண்டு. ஹீராவின் அரசன் அம்ரு இப்னு ஹிந்த், தக்லிப் குலத்துக் கவிஞன் அம்ரு இப்னு குல்தூமையும் அவன் தாயையும் விருந்துக்கு அழைக்கிறான். தாயின் பெயர் லைலா, முஹல்ஹிலின் மகள். என் தாய் ஹிந்துக்குப் பணிவிடை செய்ய மறுக்கும் பெண் அரபு நாட்டில் உண்டா என்று அரசனுக்கு ஒரு சபலம். கூடாரத்துக்குள் ஹிந்த் லைலாவிடம் அந்தத் தட்டை எடுத்துக் கொடு என்கிறாள். வேண்டுகிறவள் தானே எழுந்து எடுத்துக்கொள்ளட்டும் என்கிறாள் லைலா. மீண்டும் வற்புறுத்த, அவமானம் என்று தன் குலத்தை விளித்துக் கத்துகிறாள். மகன் கேட்கிறான். கூடாரத்தில் தொங்கிய வாளை எடுத்து அரசனை வெட்டுகிறான். முஅல்லகாக்களில் ஒன்றான அவனுடைய கவிதைக்குப் பின்னணியாக மரபு சொல்லும் கதை இது. மாதத்தின் மிகக் கறுத்த இரவு என்ற பொருள் இந்த லைலாவிடம் எங்கே ஒட்டுகிறது? அவளைப் பற்றி நமக்குத் தெரிவது ஒரு மறுப்பும் ஒரு கூக்குரலும்தான். அவை போதும்.

இரண்டாமவள் லைலா அல்-அக்யலிய்யா. 7ஆம் நூற்றாண்டு. தானே கவிஞர், அரபு விமர்சகர்கள் அல்-கன்ஸாவுக்குப் பக்கத்தில் வைத்துப் பேசும் இரங்கற்பாக் கவிஞர். தவ்பா என்ற வீரன் அவளைப் பெயர் சொல்லிப் பாடினான். அதே கதைதான்: தகப்பன் மறுத்தான், வேறொருவனுக்குக் கொடுத்தான். அவன் அவளைப் பார்க்க வருவது நிற்கவில்லை. வந்தால் கொல்லலாம் என்று அவள் கூட்டத்தார் ஆட்சியிடம் அனுமதி வாங்கிப் பதுங்கியிருந்தார்கள். வழக்கமாக முகத்திரையோடு வருபவள் அன்று திரை இல்லாமல் வந்து அவன் வரும் வழியில் உட்கார்ந்தாள். அவன் பார்த்தான், புரிந்துகொண்டான், குதிரையைத் திருப்பினான். திரை நீங்கிய முகத்தைக் காதலின் நிறைவாகப் பாடுவதுதான் கவிஞர் வழக்கம். இவள் அதையே எச்சரிக்கையாக்கினாள். மஜ்னூன் பாடிய எல்லாவற்றையும்விட இந்த ஒரு செய்கையில் கவிதை அதிகம் இருப்பதாக எனக்குப் படுகிறது.

தவ்பா பின்னர் ஒரு சண்டையில் இறந்தான். அவள் இரங்கற்பாக்கள் பாடினாள். முதுமையில் ஆளுநர் ஹஜ்ஜாஜின் அவைக்குப் போனாள். உங்களுக்குள் தகாதது ஏதும் உண்டா என்று அவன் கேட்டபோது, ஒருமுறை அவன் பேச்சில் ஒரு குறிப்பு இருந்தது, நமக்கு அவரவர் துணை உண்டு என்று பதில் சொன்னேன், பிறகு கேட்கவில்லை என்றாள். பாடப்பட்டவள் தன்னைப் பற்றிய பாடலுக்குத் தானே சாட்சி சொல்கிறாள். கிதாபுல் அகானி அவள் முடிவையும் ஒரு கதையாகத் தருகிறது. என் கல்லறைக்கு வந்து லைலா முகமன் சொன்னால், நான் பதில் சொல்வேன், இல்லாவிட்டால் கல்லறையிலிருந்து ஆந்தை ஒன்று கூவும் என்ற பொருளில் தவ்பா பாடியிருந்தான். கொலையுண்டவன் மண்டையிலிருந்து ஆந்தை கிளம்பும் என்பது பழைய அரபு நம்பிக்கை. கணவனோடு போகும் வழியில் அவள் அந்தக் கல்லறையில் ஒட்டகத்தை நிறுத்தி முகமன் சொல்கிறாள். பதில் இல்லை. இவன் பொய் சொன்னது இதுதான் முதல்முறை என்கிறாள். புதரில் இருந்த ஆந்தை ஒன்று பறக்கிறது, ஒட்டகம் மிரள்கிறது, விழுந்து இறக்கிறாள்.

கதை கட்டுக்கதையாகவே இருக்கட்டும். அதைக் கட்டியவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கிறது. கவிஞன் பெயரைச் சொல்லி ஒரு வாக்குக் கொடுத்தான். அந்தப் பெயருக்கு உரியவள் வந்து வாக்கைக் கேட்டாள். கவிதையின் உருவகத்தை அவள் நிஜமென்று எடுத்துக்கொண்டு சோதித்தாள். அதற்குக் கொடுத்த விலை அவள் உயிர். மஜ்னூனின் லைலாவுக்கு இந்த வாய்ப்பை மரபு கொடுக்கவில்லை. நிஜாமி ஓரளவு கொடுத்தார்: அவருடைய லைலீ துண்டுக் காகிதங்களில் கவிதை எழுதிக் காற்றில் விடுகிறாள், அவன் வெளியில் கத்தித் திரியலாம், தனக்கு அதுவும் இல்லை என்று அவள் உணர்கிறாள். ஆங்கிலத்தில் பைரன் அதுவும் கொடுக்கவில்லை. 1813இன் தி ஜியாவுரில் லெய்லா கடலில் எறியப்படுவதற்காகவே வருகிறாள்.

7

20ஆம் நூற்றாண்டு அரபு எழுத்தில் பெயர் மீண்டும் கணக்குக் கேட்கத் தொடங்கியது. அஹ்மத் ஷவ்கி 1931இல் எழுதிய கவிதை நாடகத்தில் கைஸா, வர்தா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை லைலாவிடமே விடப்படுகிறது. அவள் கைஸைத் தேர்ந்தெடுக்கவில்லை. தன் பெயரைப் பாட்டில் ஏற்றியவனை மணந்தால் குலத்தின் மானம் போகும் என்ற மரபின் தர்க்கத்தை அவளே தன் வாயால் சொல்லிவிட்டு, அதில் வெந்து சாகிறாள். ஷவ்கி குரல் கொடுத்தார். குரலில் மரபு பேசியது.

1970இல் ஸலாஹ் அப்துஸ் ஸபூர் ‘லைலாவும் மஜ்னூனும்’ என்ற நாடகத்தை எழுதினார். 1952 புரட்சிக்கு முந்தைய கெய்ரோ. ஒரு சிறு பத்திரிகை அலுவலகம். அதன் இளைஞர்கள் ஷவ்கியின் நாடகத்தை ஒத்திகை பார்க்கிறார்கள். மஜ்னூனாக நடிப்பவன் ஸயீத், கவிஞன். லைலாவாக நடிப்பவள் பெயரும் லைலா. நண்பர்களில் ஒருவன் போலீஸுக்குத் தகவல் கொடுப்பவனாகிவிட்டான். வெளியே நகரம் எரியப்போகிறது. ஸயீதுக்குக் கவிதை வருகிறது. எதிரில் நிற்கும் பெண்ணை ஏற்க வரவில்லை. பழைய மஜ்னூனுக்குக் குறுக்கே குலம் நின்றது. இவனுக்குக் குறுக்கே நிற்பது இவனேதான். சிறு பத்திரிகை நடத்துகிறவர்கள் இந்த நாடகத்தைப் பற்றிக் கொஞ்சம் சங்கடத்தோடு யோசிக்கலாம்.

இதற்கு முன்பே பெய்ரூத்தில் ஒரு லைலா பேனாவை எடுத்தாகிவிட்டது. லைலா பஅல்பக்கி 1958இல் எழுதிய நாவலின் தலைப்பு ‘நான் வாழ்கிறேன்’. அரபியில் அதன் முதல் சொல் ‘நான்’. நூற்றாண்டுகளாக ‘ஓ லைலா’ என்று விளிக்கப்பட்ட பெயர், தன்மை ஒருமைக்கு வந்தது. 1964இல் அவருடைய சிறுகதைத் தொகுப்பு ஒன்றுக்காக ஒழுக்கக்கேடு என்று வழக்குப் போட்டார்கள், நீதிமன்றம் விடுவித்தது. ஆண்கள் ஆயிரம் வருஷம் லைலாவின் கூந்தலையும் கழுத்தையும் பாடியதற்குக் கிடைத்தது இலக்கிய அந்தஸ்து. லைலா தன் உடம்பைப் பற்றிச் சில வரிகள் எழுதினால் போலீஸ் வருகிறது. பெயரின் பொருளைத் தேடுகிறவர்கள் அகராதியோடு இந்த வழக்கையும் சேர்த்துப் படிக்கவேண்டும்.

ஒவ்வொருவனும் தன் லைலாவைப் பாடுகிறான் என்று அரபியில் ஒரு பழமொழி. அவனவனுக்கு அவனவன் கவலை என்று பொருள். அந்தப் பழமொழியில் லைலா ஒருத்தி இல்லை. யார் வேண்டுமானாலும் நிரப்பிக்கொள்ளும் காலியிடம். நம்மிலும் ஒவ்வொருவரும் பாடிக்கொண்டுதான் இருக்கிறோம். நம் கவிதைகளில் பெயர்கூட இல்லை, ‘நீ’ என்றும் ‘அவள்’ என்றும் முடிந்துபோகிறது. அந்த ‘அவள்’ ஒரு படிமத்துக்குத் தேவைப்படும் மட்டும் வந்து, தேவை தீர்ந்ததும் போய்விடுகிறாள். அகமரபின் பெயர் சுட்டாமையை நாம் எடுத்துக்கொண்டோம். தலைவி பேசிய பேச்சை விட்டுவிட்டோம். அரபு நஸீபின் விளியை எடுத்துக்கொண்டோம். அக்யலிய்யாவின் பதிலை விட்டுவிட்டோம். இரண்டு மரபிலிருந்தும் வசதியானது மட்டும் நம்மிடம் வந்திருக்கிறது.

லைலா என்றால் என்ன பொருள் என்று கேட்டால், இருளின் மிகுதி என்று சொல்லிவிடலாம், தவறில்லை. ஆனால் ஒரு கவிதையில் பெண் பெயர் எதற்காக நிற்கிறது என்பதை அறிய வேறொரு சோதனை இருக்கிறது. அந்தப் பெயருக்கு உரியவள் ஒட்டகத்தை நிறுத்தி இறங்கி வந்து, நீ சொன்னதற்குப் பதில் எங்கே என்று கேட்டால், அந்தக் கவிதை என்ன செய்யும்? மஜ்னூனுடைய கவிதைகளில் பெரும்பாலானவை அவளைத் திருப்பி அனுப்பிவிடும். நம்முடையவற்றில் எத்தனை தேறும் என்று எண்ணிப் பார்ப்பது நம் வேலை.